ஆய்வுக் கட்டுரையில் எழுதிய குறிப்பு எங்கே இருக்கிறது? கணினியிலும் டேப்லெட்டிலும் படிக்கும் மாணவர்கள் அறிய வேண்டியவை

ஜொகூர் பாரு - பல்கலைக்கழகத்தில் முதுகலை அல்லது முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் பிள்ளை, எந்நேரமும் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பெற்றோர் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அந்தத் திரையில் ஓடுவது படமாக இருக்கலாம். நூறு பக்க ஆய்வுக் கட்டுரையாகவும் இருக்கலாம். இன்று ஆய்வு மாணவர்களின் வாசிப்பில் பெரும்பகுதி தாளில் நடப்பதில்லை. பிடிஎஃப் கோப்பாக இறக்கிய கட்டுரைகளைக் கணினியிலும் டேப்லெட்டிலும் படித்து, வரிகளுக்கு வண்ணம் தீட்டி, ஓரத்தில் குறிப்பெழுதி, அதிலிருந்துதான் ஆய்வேட்டை உருவாக்குகிறார்கள்.

ஜொகூரில் இந்த வேலை நடக்கும் முக்கிய இடங்கள் இரண்டு. ஒன்று, ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யுடிஎம். 1904-இல் கோலாலம்பூரில் தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கிய இந்நிலையம் 1975-இல் இன்றைய பெயரைப் பெற்றது. மற்றொன்று, பத்து பகாட்டுக்கு அருகே பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகமான யுடிஎச்எம். 1993-இல் பயிற்சி மையமாகத் தொடங்கிய அது 2007-இல் பல்கலைக்கழகமாயிற்று. இரண்டும் தொழில்நுட்பத் துறைகளுக்குப் பெயர் பெற்றவை. அந்தத் துறைகளின் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இன்று மின்வடிவில்தான் வருகின்றன.

குளுவாங், லாபிஸ், சிகாமட், கூலாய் போன்ற இடங்களிலிருந்து செல்லும் நம் பிள்ளைகளில் பலர், குடும்பத்திலேயே முதன்முதலாக ஆய்வுப் படிப்புக்குப் போகிறவர்கள். கட்டுரையை எப்படிச் சேர்த்து வைப்பது, குறிப்பை எப்படிக் காப்பது என்று வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. இரண்டு ஆண்டு வாசிப்பு மூன்று கருவிகளில் சிதறிக் கிடப்பது ஆய்வேடு எழுத உட்காரும்போதுதான் தெரியவருகிறது. தொடக்கத்தில் ஒருநாள் செலவிட்டால் இதைத் தவிர்த்துவிடலாம்.

சிதறல் எப்படி ஏற்படுகிறது?

செம்பனை ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் வெளியிடும் ஆய்விதழிலிருந்து ஒரு கட்டுரையைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடக் கணினியில் இறக்குகிறார். அதைத் தம் மின்னஞ்சலுக்கே அனுப்பி, விடுதியில் மடிக்கணினியில் திறந்து நான்கு வரிகளுக்கு மஞ்சள் தீட்டுகிறார். வார இறுதியில் பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது அதே மின்னஞ்சலை டேப்லெட்டில் திறந்து, ஓரத்தில் இரண்டு குறிப்புகள் எழுதுகிறார்.

இப்போது அவரிடம் ஒரே கட்டுரைக்கு மூன்று கோப்புகள் இருக்கின்றன. ஒன்றில் குறிப்பே இல்லை. ஒன்றில் மஞ்சள் கோடு மட்டும் உண்டு. மற்றொன்றில் ஓரக்குறிப்பு மட்டும் உண்டு. இருநூறு கட்டுரைகளுக்கு இப்படி நடந்தால், ஆறு மாதம் கழித்து எது எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது.

பழைய தோட்ட வழக்கத்தை நினைத்துப் பார்த்தால் தீர்வு எளிதில் புரியும். தோட்டத்தில் எத்தனை பேர் வேலைக்கு வந்தாலும், எத்தனை மலைகளில் பிரிந்து வேலை செய்தாலும், பெயர் பதிவது ஒரே செக்ரோல் புத்தகத்தில்தான். கிராணி ஒரு புத்தகமும் கங்காணி ஒரு புத்தகமும் தனித்தனியாக எழுதினால் சம்பளநாளில் சண்டை வரும். ஆய்வுக் கட்டுரைக்கும் அதே நியாயம்தான். படிக்கும் கருவிகள் பலவாக இருக்கலாம், பதிவேடு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

குறிப்பு இருக்கும் இடம் இரண்டு வகை

பிடிஎஃப் என்பது 1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட கோப்பு வடிவம். எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2008-இல் அது ஐஎஸ்ஓ அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. அதன்பின் அது ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் மட்டும் இருக்கவில்லை. கோடிடுதல், ஓரக்குறிப்பு, கையெழுத்து வரைவு ஆகியவற்றை எப்படிக் கோப்புக்குள் பதிவது என்பதையும் அந்தத் தரமே வகுத்திருக்கிறது.

நூலில் பென்சிலால் கோடிடும்போது தாளே மாறுகிறது. பிடிஎஃப்பில் அப்படியில்லை. மூலப் பக்கம் அப்படியே இருக்கும். அதன்மேல் கண்ணாடித்தாள் விரித்தது போல ஒரு படலம் வரும். குறிப்புகள் அந்தப் படலத்தில் இருக்கும். அந்தப் படலம் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதுதான் மாணவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சில செயலிகள் குறிப்பைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். அடோபி அக்ரோபாட் ரீடர் அப்படிப்பட்டது. அந்தக் கோப்பை யாருக்கு அனுப்பினாலும் குறிப்பும் கூடவே போகும். வேறு செயலியில் திறந்தாலும் பெரும்பாலும் தெரியும். வேறு சில செயலிகள் கோப்பைத் தொடுவதில்லை. குறிப்புகளைத் தங்கள் சொந்தத் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, திரையில் மட்டும் கோப்பின்மேல் காட்டும். அந்தச் செயலிக்குள் இருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். கோப்பை மட்டும் வெளியே எடுத்தால், ஒரு கோடு கூட இல்லாத வெற்றுக் கட்டுரைதான் கையில் இருக்கும்.

இரண்டாவது வகை தவறானது என்று சொல்ல முடியாது; அதில் வசதிகள் அதிகம். ஆனால், தாம் பயன்படுத்துவது எந்த வகை என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

மெண்டலே கற்றுத்தந்த பாடம்

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. மெண்டலே என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளை உலகெங்கும் மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த மூன்று ஆய்வு மாணவர்கள் லண்டனில் தொடங்கிய இந்த நிறுவனம் 2008-இல் தன் முதல் பதிப்பை வெளியிட்டது. கட்டுரைகளைச் சேர்த்து வைக்கலாம், குறிப்பெழுதலாம், ஆய்வேட்டில் மேற்கோள் பட்டியலைத் தானே அமைத்துத் தரும். 2013-இல் ஆய்விதழ்களை வெளியிடும் பெருநிறுவனமான எல்செவியர் அதை வாங்கியது.

2021 மார்ச்சில் மெண்டலேயின் கைப்பேசி, டேப்லெட் செயலிகள் நிறுத்தப்பட்டன. 2022 செப்டம்பர் முதல் பழைய கணினிப் பதிப்பைப் புதிதாக இறக்கும் வசதியும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாகப் புதிய கணினிப் பதிப்பும் இணையப் பதிப்பும் உள்ளன. மெண்டலே இன்றும் இயங்குகிறது. ஆனால் டேப்லெட்டில் படித்துக் குறிப்பெழுதும் பழக்கத்தை அந்தச் செயலியை நம்பி அமைத்துக்கொண்டவர்கள், பாதி ஆய்வில் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஒரு நிறுவனம் தன் செயலியை நிறுத்துவது அதன் உரிமை. முனைவர் பட்ட ஆய்வு மூன்று, நான்கு ஆண்டுகள் நீளும். அந்தக் காலத்துக்குள் ஒரு செயலி மாறலாம், விலை ஏறலாம், நின்றும் போகலாம். ஆகவே ஒரு செயலிக்குள் எப்படிப் போவது என்று பார்ப்பதற்கு முன், அதிலிருந்து குறிப்புகளோடு எப்படி வெளியே வருவது என்று பார்த்துவிட வேண்டும்.

முதல் வழி: ஒரே நூலகம், பல கருவிகள்

இன்று பணம் கொடுக்காமலே கணினியிலும் டேப்லெட்டிலும் சேர்த்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்களில் ஸொட்டெரோ முன்னணியில் உள்ளது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் உருவான இது ஒரு திறமூல மென்பொருள். 2022-இல் வந்த ஆறாம் பதிப்பில் பிடிஎஃப் படித்துக் குறிப்பெழுதும் வசதி உள்ளேயே சேர்க்கப்பட்டது. ஐபேட், ஐபோன் செயலியும் அதே காலத்தில் வந்தது. ஆண்ட்ராய்டு செயலி அதன்பின் வந்தது.

இது இயங்கும் முறை எளிமையானது. இணைய உலாவியில் ஒரு கட்டுரைப் பக்கத்தில் இருக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால், தலைப்பு, ஆசிரியர், ஆய்விதழ், ஆண்டு, பக்கம் ஆகிய விவரங்களோடு கட்டுரை நூலகத்தில் சேர்ந்துவிடும். கட்டுரைக்கு டிஓஐ எண் இருந்தால், அந்த எண்ணைக் கொடுத்தாலே விவரங்கள் வந்துவிடும். டிஓஐ என்பது கட்டுரையின் அடையாள அட்டை எண் போன்றது. இணைய முகவரி மாறினாலும் அந்த எண் மாறாது.

டேப்லெட்டில் அதே கணக்கில் நுழைந்தால் அதே நூலகம் திறக்கும். பேருந்தில் தீட்டிய கோடு, இணையம் கிடைத்ததும் விடுதியில் உள்ள மடிக்கணினிக்கு வந்து சேரும். பிறகு ஒரு கட்டுரையில் தீட்டிய வரிகளையெல்லாம் ஒரே குறிப்புத் தாளாகத் தொகுக்கச் சொல்லலாம். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பக்க எண் இருக்கும். அதை அழுத்தினால் கட்டுரையின் அதே இடம் திறக்கும். வேர்டில் ஆய்வேடு எழுதும்போது மேற்கோளையும் நூற்பட்டியலையும் தானே அமைத்துத் தரும்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, இலவசச் சேமிப்பு 300 மெகாபைட் மட்டுமே. ஒரு கட்டுரை சராசரியாக 2 மெகாபைட் என்று வைத்தால் 150 கட்டுரைகளில் அது நிரம்பிவிடும். இந்த வரம்பு கோப்புகளுக்கு மட்டும்தான். கட்டுரை விவரங்களுக்கும் குறிப்புகளுக்கும் இல்லை. மொத்தச் சேமிப்பை 2 கிகாபைட்டாக உயர்த்த வேண்டுமென்றால் ஆண்டுக்கு 20 அமெரிக்க டாலர் கட்டணம். கட்ட விரும்பாதவர்கள், படித்து முடித்த கட்டுரைகளைக் கணினியில் மட்டும் வைத்துக்கொண்டு, படித்துக்கொண்டிருக்கும் கட்டுரைகளை மட்டும் டேப்லெட்டுக்கு அனுப்பும்படி நூலகத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஸொட்டெரோ குறிப்புகளைத் தன் தரவுத்தளத்தில்தான் வைக்கிறது. கோப்புக்குள் அவை தாமாகப் போவதில்லை. ஆனால் பிடிஎஃப் ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினால் குறிப்புகள் பதிந்த கோப்பு தனியாகக் கிடைக்கும். மேற்பார்வையாளருக்கு அனுப்புவதும், தனியாகக் காத்து வைப்பதும் அந்தக் கோப்பாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஸொட்டெரோவின் தரவுக் கோப்புறையை ஒன்டிரைவ், கூகல் டிரைவ் போன்ற இடங்களுக்குள் வைக்கக்கூடாது. இரண்டு ஒத்திசைவுகள் ஒரே தரவுத்தளத்தில் கைவைத்தால் அது பழுதாகிவிடும் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள்.

இரண்டாம் வழி: குறிப்பு கோப்புக்குள்ளேயே

புதிய மென்பொருள் கற்க நேரமில்லாதவர்கள், ஒரே ஒரு மேகச் சேமிப்புக் கோப்புறையை வைத்துக்கொண்டு, கணினியிலும் டேப்லெட்டிலும் அந்தக் கோப்புறையிலிருந்தே கட்டுரைகளைத் திறக்கலாம். குறிப்பைக் கோப்புக்குள் எழுதும் செயலியையே இரண்டிலும் பயன்படுத்த வேண்டும். கட்டுரைக்கு டேப்லெட்டில் ஒரு நகல், மின்னஞ்சலில் ஒரு நகல் என்று வைக்கவே கூடாது.

கோப்பின் பெயரும் முக்கியம். இறக்கும்போது வரும் பெயர் வெறும் எண்களாக இருக்கும். ஆண்டு, முதல் ஆசிரியர், பொருளைச் சொல்லும் இரண்டு சொற்கள் என்ற வரிசையில் பெயரை மாற்றினால், கோப்புறையே ஒரு பட்டியலாகிவிடும்.

இந்த வழியில் வரும் பெரிய சிக்கல், இணைய இணைப்பு மெதுவாக உள்ள தோட்டப்புறங்களில் தலைதூக்கும். டேப்லெட்டில் இணைப்பு இல்லாத நேரத்தில் குறிப்பெழுதிவிட்டு, அது மேலே ஏறுவதற்கு முன் கணினியில் அதே கட்டுரையில் வேறு குறிப்பு எழுதினால், இரண்டும் மோதும். சேமிப்புச் சேவை இரண்டு நகல்களை உருவாக்கும். சில வேளைகளில் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். இதைத் தடுக்க, ஒரு கருவியில் வேலை முடிந்ததும் கோப்பை மூடி, மேலேறி முடிந்ததற்கான அடையாளம் தெரிந்த பிறகே அடுத்த கருவியைத் திறக்க வேண்டும். வீட்டுக்குப் புறப்படும் முன் வளாக வைஃபையிலேயே அந்த வாரத்துக்கான கட்டுரைகளை டேப்லெட்டில் இறக்கிவைத்தால், வீட்டில் இணைப்பு இல்லாமலும் படிக்கலாம்.

வண்ணம் தீட்டினால் மட்டும் போதாது

கருவி சரியாக அமைந்தாலும், பக்கம் முழுவதும் மஞ்சளாக்கினால் பயனில்லை. 2013-இல் ஜான் டன்லொஸ்கி உள்ளிட்ட உளவியல் ஆய்வாளர்கள் பத்துக் கற்றல் முறைகளைச் சீர்தூக்கிப் பார்த்தார்கள். வரிகளுக்குக் கோடிடுவதும் வண்ணம் தீட்டுவதும் பயன் குறைந்தவை என்று முடிவு கண்டார்கள். தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பதும், இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதும் அதிகப் பயன் தந்தன.

அதனால் வண்ணத்துக்கு வேலை பிரித்துக் கொடுப்பது நல்லது. ஆய்வின் முடிவுக்கு ஒரு வண்ணம், செய்முறைக்கு ஒன்று, உடன்படாத இடத்துக்கு ஒன்று, மேற்கோள் காட்ட வேண்டிய வரிக்கு ஒன்று என நான்கு போதும். எல்லாக் கருவிகளிலும் அதே நான்கைப் பயன்படுத்த வேண்டும். ஒரு கட்டுரையைப் படித்து முடித்ததும், திரையைப் பார்க்காமல் மூன்று வரிகள் சொந்தச் சொற்களில் எழுத வேண்டும். இக்கட்டுரை என்ன சொல்கிறது, எப்படிக் கண்டறிந்தார்கள், என் ஆய்வுக்கு எதற்கு உதவும் என்பவையே அந்த மூன்றும். ஆய்வேட்டின் இலக்கிய மீளாய்வு இந்த மூன்று வரிகளிலிருந்துதான் பிறக்கும். பிறர் வரியைத் தெரியாமல் தன் வரியாக எழுதிவிடும் தவறும் இதனால் குறையும்.

டேப்லெட்டில் எழுதுகோலால் கிறுக்கும் கையெழுத்துக் குறிப்பு விரைவானது. ஆனால் அதைப் பின்னர் சொல் கொடுத்துத் தேடுவது பல செயலிகளில் இயலாது. ஆகவே முக்கியமான குறிப்பைத் தட்டச்சு செய்துவிடுவதே நல்லது. டேப்லெட்டைப் படிப்பதற்கும் கோடிடுவதற்கும், கணினியைத் தொகுப்பதற்கும் எழுதுவதற்கும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும்.

தமிழாய்வு செய்வோருக்கு மூன்று தொல்லைகள்

தமிழ், தமிழர் வரலாறு, தோட்ட வாழ்வு பற்றி ஆய்வு செய்யும் மாணவர்களும் நம்மில் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது முதல் இந்த ஆய்வுகள் இங்கு நடந்து வருகின்றன. அவர்களுக்குக் கூடுதலாக மூன்று தொல்லைகள் உண்டு.

முதல் தொல்லை எழுத்துரு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சலை உருவாக்கிய காலம் தொட்டுத் தமிழைக் கணினியில் எழுதி வருகிறோம். ஆனால் யூனிகோடு பரவலாகும் வரை ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு இருந்தது. அக்காலத்துப் பிடிஎஃப் கட்டுரைகள் திரையில் அழகாகத் தெரியும். ஒரு வரியைத் தீட்டி நகலெடுத்தால் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரும். தமிழில் சொல் கொடுத்துத் தேடினாலும் கிடைக்காது. இத்தகைய கட்டுரையில் வரியைத் தீட்டுவதோடு நிற்காமல், அதன் பக்கத்தில் யூனிகோடு தமிழில் ஒரு சிறு குறிப்பைத் தட்டச்சு செய்துவைக்க வேண்டும். பிறகு அந்தக் குறிப்பைத் தேடி இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டாம் தொல்லை, வருடி எடுத்த பழைய நூல்களும் மலர்களும். அவை எழுத்து அல்ல, படம். வரியைத் தீட்டவே முடியாது. ஸொட்டெரோவில் பக்கத்தின் ஒரு பகுதியைக் கட்டம் போட்டுக் குறிக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்தலாம். அந்தக் கோப்பைக் கூகல் டிரைவில் ஏற்றி, ஆவணமாகத் திறந்தால் தமிழ் எழுத்துகளை அடையாளம் கண்டு உரையாகத் தரும். பிழைகள் இருக்கும், மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் மேற்கோள் காட்டக்கூடாது.

மூன்றாம் தொல்லை பெயர். மேற்கோள் மென்பொருள்கள் மேலைநாட்டு வழக்கப்படி, கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். நமக்குக் கடைசியில் வருவது தந்தையின் பெயர். அதனால் நூற்பட்டியலில் கட்டுரையை எழுதியவரின் பெயருக்குப் பதில் அவருடைய தந்தையின் பெயர் ஏறிவிடும். மலாய்க்காரர் பெயர்களுக்கும் இதே கதிதான். ஸொட்டெரோவில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்ற இரண்டு கட்டங்களை ஒரே கட்டமாக மாற்றும் பொத்தான் உண்டு. கட்டுரையைச் சேர்க்கும்போதே இதைச் சரிசெய்தால், கடைசி வாரத்தில் நூறு பெயர்களைத் திருத்தும் வேலை மிச்சம்.

எந்தக் கருவி வாங்கலாம்?

அரசாங்கம் 2022 வரவுசெலவுத் திட்டத்தில், பி40 குடும்பங்களைச் சேர்ந்த 6 லட்சம் உயர்கல்வி மாணவர்களுக்கு டேப்லெட் வழங்க 45 கோடி ரிங்கிட் ஒதுக்குவதாக அறிவித்தது. பெராந்திசிஸ்வா என்ற அந்தத் திட்டத்தில் கிடைத்த டேப்லெட் வீட்டில் இருந்தால், புதிது வாங்கும் முன் அதை முயன்று பார்க்கலாம். கட்டுரை படிக்க வேகமான கருவி தேவையில்லை.

புதிதாக வாங்குவோர் திரை அளவைக் கவனிக்க வேண்டும். பல ஆய்வுக் கட்டுரைகள் ஏ4 தாளில், இரண்டு பத்திகளாக, சிறிய எழுத்தில் இருக்கும். 8 அங்குலத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண் வலிக்கும். 10 அல்லது 11 அங்குலம் வசதி. எழுதுகோல் விருப்பத்தைப் பொறுத்தது. விரலாலும் வரியைத் தீட்டலாம்.

வருமான வரி கட்டும் பெற்றோர், தமக்கோ பிள்ளைக்கோ வாங்கிய கணினி, டேப்லெட், இணையக் கட்டணம் ஆகியவற்றை வாழ்க்கைமுறை வரிவிலக்கின்கீழ் ஆண்டுக்கு மொத்தம் 2,500 ரிங்கிட் வரை காட்டலாம். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பல்கலைக்கழகக் கணக்கு என்றும் நிலைக்காது

மாணவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சலும் சேமிப்பிடமும் இரவல் வீடு போன்றவை. படிப்பு முடிந்ததும் அவை மூடப்படலாம். படிக்கும்போதே கூட நிலைமை மாறும். கல்வி நிலையங்களுக்கு அளவில்லாமல் இலவசச் சேமிப்பு தந்துவந்த கூகல் நிறுவனம், 2022 ஜூலை முதல் ஒரு கல்வி நிலையம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட் என்ற அடிப்படை வரம்பை விதித்தது. வரம்பின்றி இருந்த இடம் அதன்பின் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய இடமாயிற்று.

எனவே மேற்கோள் மென்பொருளில் கணக்கு தொடங்கும்போதே சொந்த மின்னஞ்சலைக் கொடுப்பது நல்லது. ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் மூன்று பொருள்களை வெளியே எடுத்து வைக்க வேண்டும். ஒன்று, குறிப்புகள் பதிந்த பிடிஎஃப் கோப்புகள். இரண்டு, தொகுத்த குறிப்புத் தாள்கள். மூன்று, ஆர்ஐஎஸ் அல்லது பிப்டெக்ஸ் வடிவில் கட்டுரைகளின் பட்டியல். ஆர்ஐஎஸ் வடிவத்தை எண்ட்நோட், மெண்டலே, ஸொட்டெரோ ஆகிய மூன்றும் ஏற்கும். பட்டியலில் கட்டுரை விவரம் மட்டுமே போகும், தீட்டிய கோடுகள் போகா என்பதால்தான் முதல் இரண்டும் தேவைப்படுகின்றன. இவற்றின் ஒரு நகல் வெளிப்புற வன்தட்டில், கணினியோடு ஒரே பையில் இல்லாமல், வீட்டில் இருக்க வேண்டும். பை திருடு போனால் இரண்டும் சேர்ந்து போய்விடக்கூடாது.

ஒத்திசைவையே காப்பு நகல் என்று நினைப்பதும் தவறு. டேப்லெட்டில் கைதவறி ஒரு கோப்புறையை அழித்தால், ஒத்திசைவு அதையும் உண்மையாகக் கணினிக்குக் கொண்டுபோய், அங்கேயும் அழித்துவிடும்.

நண்பர்களோடு பகிர்வதிலும் கவனம் தேவை. 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், ஆய்வுக்கும் சொந்தப் படிப்புக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. சந்தா கட்டிய தரவுத்தளத்திலிருந்து இறக்கிய கட்டுரைகளை யாரும் எடுக்கும்படி பொதுவில் போடுவது அதில் அடங்காது. கட்டுரையின் டிஓஐ எண்ணையும் தம் குறிப்பையும் நண்பருக்கு அனுப்பினால் போதும். அவர் தம் கணக்கின் வழியாக நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்வார்.

எங்கே தொடங்குவது?

பல்கலைக்கழக நூலகங்கள் மேற்கோள் மென்பொருள்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துவது வழக்கம். யுடிஎம் மாணவர்கள் சுல்தானா சனாரியா நூலகத்தில் விசாரிக்கலாம். பிற நிலையங்களில் படிப்போர் தத்தம் நூலகங்களில் கேட்கலாம். எஸ்டிபிஎம் படிக்கும் ஆறாம் படிவ மாணவர்களுக்கும் பாட வேலைகள் உண்டு. பத்துக் கட்டுரைகளோடு இந்தப் பழக்கத்தைத் தொடங்குவது இருநூறு சேர்ந்தபின் தொடங்குவதைவிட எளிது.

ஏற்கெனவே ஆய்வில் இருப்பவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இன்று படித்த ஒரு கட்டுரையை எடுத்து, கணினியில் ஒரு வரியைத் தீட்டி, டேப்லெட்டில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். பிறகு அந்தக் கோப்பை வெளியே எடுத்து, முற்றிலும் வேறொரு செயலியில், முடிந்தால் வேறொருவர் கணினியில், திறந்து பார்க்க வேண்டும். கோடும் குறிப்பும் அங்கே தெரிந்தால் அமைப்பு சரியாக இருக்கிறது. தெரியவில்லையென்றால், அந்தச் செயலியில் ஏற்றுமதி எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே தேடிக் கண்டுபிடித்துவிட வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும்.